நெற்றி பட்ட இடம்

அத்தியாயம் 14

குழந்தைவேலு எடுத்த படங்களை இதுவரை நூற்றுப் பதினாறு பேர் பாராட்டியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூடப் படத்தைப் பார்க்கவில்லை என்பதுதான் சின்னக் குறை.

ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் காலை ஐந்தரைக்கு அவர் ஒரு சூரியோதயத்தை இறக்கினால், ஐந்து முப்பத்தொன்றுக்கு 'சூப்பர் சார்' வந்துவிடும். ஒருநாள் கை தவறி கேஸ் சிலிண்டர் ரசீதைப் போட்டுவிட்டார். அதற்கும் மூன்று 'சூப்பர் சார்'. ஒருவர் மட்டும் கொஞ்சம் விவரமானவர். 'நேச்சுரல் லைட்டிங்' என்று எழுதியிருந்தார்.

மெயின்லேண்ட் ஆட்கள் நடத்தும் புகைப்படக் குழு ஒன்றிலும் சேர்ந்து பார்த்தார். அங்கே ஒரு கோயம்புத்தூர்க்காரர், 'சூரிய அஸ்தமனம் மாலை 4.58-க்கா? முதலில் கேமராவில் மணியைச் சரிசெய்யுங்கள்' என்று எழுதினார். 'இது அந்தமான் ஐயா. இங்கே சூரியனும் சர்க்கார் ஊழியர். ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவார்' என்று குழந்தைவேலு பதில் போட்டார். அந்தப் பதிலை நினைத்து ஒரு வாரம் தனியாகச் சிரித்தார். படம் எப்படியிருந்தது என்று அங்கேயும் யாரும் சொல்லவில்லை.

கேமரா வாங்கி எட்டு மாதம் ஆகிறது. ஐந்நூறு படம் எடுத்துவிட்டார். தான் ஒரு கலைஞனா, இல்லை வெறும் லீவு நாள் தொந்தரவா என்று தெரிந்துகொள்ளாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. இறங்கவில்லை என்று சொன்னாலும் வழக்கமான அளவு சாப்பிட்டார்.

கதை எங்கே நின்றதென்றால், இந்த வீட்டில் கல்யாணப் பத்திரிகை நின்றுகொண்டிருக்கிறது. குழந்தைவேலு, போர்ட் பிளேரில் கப்பல் டிக்கெட் கவுண்டரில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பவர். மகள் ஸ்வப்னாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். பத்திரிகையில் எல்லாம் நிரம்பிவிட்டது, ஒரே ஒரு வரியைத் தவிர. தாய்மாமன் வரி. அந்த வரிக்கு உரியவன் நீலாவதியின் தம்பி பாலகுமார். அபர்டீன் பஜாரில் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். இரண்டு வருடமாக இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

"இங்க பாருங்க." நீலாவதி போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "ப்ரூஃப் வந்துருச்சு. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள ஓகே சொல்லலைன்னா ப்ரெஸ்காரரு வேற வேலைய ஏத்திருவாராம். அப்புறம் பத்து நாள். பத்திரிகை கப்பலேறி, மெயின்லேண்ட் போயி, உங்கண்ணன் கையில சேர்றதுக்குள்ள பொண்ணுக்கு வளைகாப்பே வந்துரும்."

"அப்ப ஓகே சொல்லிரு."

"பாலு பேரில்லாம என் பொண்ணு பத்திரிகை அச்சுக்குப் போகாது. போன வாரமே சொல்லிட்டேன்."

"பேரப் போட்டுட்டு ஆள் வரலைன்னா? அசிங்கம் யாருக்கு? நான் என்னடி தப்பு செஞ்சேன்? சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"சட்டத்த ஆபீஸ் டிராயர்ல வச்சிட்டு வாங்க. வீட்டுக்குள்ள கொண்டாராதீங்க."

இந்தச் 'சட்டம்' இரண்டு வருடத்துப் பழையது. பாலகுமாரின் மனைவி நளினி அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. தலைப்பிரசவத்துக்குக் காரைக்குடியில் அம்மா வீட்டுக்குப் போகவேண்டும். விமானம் என்றால் அவளுக்குச் செத்தாலும் ஆகாது. பாலகுமார் கப்பல் டிக்கெட்டுக்கு மற்றவர்களைப் போலவே வரிசையில் நின்றான். அவன் நின்ற கவுண்டரில் அக்காள் புருஷனே உட்கார்ந்திருந்தார். "கவுண்டர் க்ளோஸ். நாளைக்கு வாங்க" என்றார். மறுநாள் டிக்கெட் இல்லை. அடுத்த கப்பல் வருவதற்குள் நளினி பயணம் செய்யும் நிலையில் இல்லை. அம்மா பக்கத்தில் இல்லாமல் இங்கேயே பிள்ளை பெற்றாள்.

கவுண்டரில் திருப்பியனுப்பிய அன்றைக்குச் சாயங்காலமே பாலகுமார் வீட்டுக்கு வந்து கத்தியபோது, குழந்தைவேலு முதுகை நிமிர்த்திக்கொண்டு அந்த வசனத்தைச் சொன்னார். அதிலிருந்து ஊரில் அவருக்கு நேர்மையானவர் என்று பெயர். மைத்துனனுக்கே இரங்காத மனிதர்!

உண்மை வேறு. அந்த உண்மை குழந்தைவேலுவுக்கு மட்டும்தான் தெரியும். அது நேர்மையைவிட மிகவும் சின்ன சாமான் என்பதால் அதை அவர் வெளியே எடுத்ததே இல்லை.

"ஒண்ணு செய்யுங்க," என்றாள் நீலாவதி. "அந்த ஐந்நூறு போட்டோவையும் எடுத்துக்கிட்டு பாலு கடைக்குப் போங்க. எப்படியிருக்குன்னு கேளுங்க. நேரா கல்யாணத்தப் பேசினா ரெண்டு பேரும் கொம்ப சீவிக்கிட்டு நிப்பீங்க. கேமராவப் பத்திப் பேசினா மனுசங்க மாதிரி பேசுவீங்க."

"அவன்கிட்டயா? பாஸ்போர்ட் போட்டோ புடிக்கிறவன்கிட்டயா?"

"அவன் புடிச்ச பாஸ்போர்ட் போட்டோவுல ஆள் அடையாளமாவது தெரியும்."

அந்த நேரம் ஸ்வப்னா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். பக்கத்து வீட்டு பெங்காலி அம்மா வைத்த பெயர். ஆனால் அழுத்தமெல்லாம் நீலாவதியின் அழுத்தம். கிளிப்பச்சைத் துப்பட்டாவைச் சரிசெய்தபடி கேட்டாள்:

"அப்பா, இன்னிக்கு லீவுதான? ஆபீஸ் பக்கம் போகமாட்டீங்கல்ல?"

"லீவுன்னா லீவு. எவன் கூப்பிட்டாலும் போகமாட்டேன்."

"பக்கா?"

"பக்கா."

குழந்தைவேலு லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகள் முகத்தைப் பார்க்கவில்லை. லென்ஸ் பளிச்சென்று ஆகிவிட்டது.

* * *

'நளினி ஸ்டூடியோ' அபர்டீன் பஜாரில் ஒரு செருப்புக்கடைக்கும் ஒரு மொபைல் கடைக்கும் நடுவில் மூச்சுப் பிடித்துக்கொண்டு நின்றது. வெளிக் கண்ணாடியில் பெரிய பெரிய கல்யாணப் படங்கள். ஒரு மாப்பிள்ளை, கட்டைவிரல் அளவு மணப்பெண்ணை உள்ளங்கையில் ஏந்தியிருந்தான். இன்னொரு ஜோடி, இதய வடிவ மேகத்துக்குள் உட்கார்ந்து ராஸ் தீவின் மேல் பறந்துகொண்டிருந்தது.

குழந்தைவேலுவுக்கு உதடு தானாகக் கோணிற்று. கலையின் கழுத்தை நெரித்துக் கண்ணாடியில் தொங்கவிட்டிருக்கிறான். இவனிடம் போய்க் கருத்துக் கேட்பதா!

உள்ளே பாலகுமார் கம்ப்யூட்டரில் யாரோ ஒருவரின் வழுக்கையிலிருந்து வெளிச்சத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான்.

"சொல்லுங்க சார். பாஸ்போர்ட் சைஸா, ஸ்டாம்ப் சைஸா?"

சார்! முன்பெல்லாம் 'மச்சான்' என்று தெருமுனையிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டு வருவான். இரண்டு வருடமாக எங்கே பார்த்தாலும் 'சார்'. தெரியாதவன் சொன்னால் மரியாதை. மைத்துனன் சொன்னால் அது செருப்பு.

"படம் எடுக்க வரல. நான் எடுத்த படத்தக் காட்ட வந்தேன். ஒரு அபிப்பிராயம்..." குழந்தைவேலு தொண்டையைச் செருமினார். "நிறையப் பேர் நல்லாயிருக்குன்னு சொல்றாங்க. இருந்தாலும் தொழில் தெரிஞ்ச ஆளு... ஒரு மாதிரி தொழில் தெரிஞ்ச ஆளு..."

"அக்கா அனுப்பிச்சாங்களா?"

"நானா வந்தேன்."

"டீக் ஹை. கார்டக் குடுங்க சார்."

மெமரி கார்டைச் சொருகினான். படங்கள் திரையில் வரத் தொடங்கின. குழந்தைவேலு கொண்டுவந்திருந்த மடக்கு ஸ்டூலை விரித்து உட்கார்ந்தார். இடுப்புவலிக்காக வாங்கிய ஸ்டூல். படம் எடுக்கப் போகுமிடமெல்லாம் கேமராவோடு அதுவும் போகும்.

பாலகுமார் நாற்பது படம் தள்ளினான். கார்பின்ஸ் கோவ் கடற்கரை, மீன் மார்க்கெட், ஜெட்டி, நீலாவதி, நீலாவதியும் கடலும், ஒரு தெருநாய். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க.

"என்ன?"

"ஒண்ணுமில்ல சார். இந்த மீன்காரம்மாவப் பாருங்க. இந்த போலீஸ்காரரு. இந்த ரெண்டு காலேஜ் பொண்ணுங்க. எங்க அக்கா. ஏதாச்சும் தெரியுதா?"

"ஃபோகஸ் எல்லாம் ஷார்ப்பா இருக்கு."

"எல்லாரும் உங்ககிட்ட டிக்கெட் கேக்குறாங்க."

குழந்தைவேலு திரையைப் பார்த்தார்.

"நெஞ்சுக்கு மேல மட்டும் ஆள். நட்ட நடுவுல. ஒரே தூரம், ஒரே உயரம். லேசா குனிஞ்ச தலை. 'சார் ஒரு பெர்த் பாத்து'ன்னு கெஞ்சுற முழி. எங்கக்காவப் பாருங்க, கடலுக்கு முன்னாடி பர்ஸ ரெண்டு கையால புடிச்சிக்கிட்டு நிக்கிது. சில்லற ரெடியா வச்சிருக்கு போல. ஐந்நூறு படத்துலயும் நீங்க கவுண்டர விட்டு வெளிய வரவேயில்ல சார்."

"இது சும்மா கிண்டலு..."

"நாயப் பாருங்க. நாய் கூட கப்பல்ல பங்க் கிளாஸ் டிக்கெட் கேக்குது."

குழந்தைவேலு நாயைப் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. நாயின் கண்ணில், மாயாபந்தரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கிய பயணியின் அதே களைப்பு இருந்தது.

"எல்லாத்தையும் உட்கார்ந்தே எடுத்திருக்கீங்க," என்றான் பாலகுமார். "அந்த ஸ்டூல்லதான?"

"எனக்கு இடுப்பு..."

"எந்திரிங்க."

"என்ன?"

"எந்திரிங்க சார்."

எழுந்தார். பாலகுமார் ஸ்டூலை மடக்கி மேசைக்கு அடியில் வைத்துவிட்டான்.

"இது இங்கயே இருக்கட்டும். அபிப்பிராயந்தான கேட்டீங்க? இதுதான். கிட்டப் போங்க. எப்ப க்ளிக் பண்றதுன்னு அவங்க மூஞ்சி சொல்லும், அதுவரைக்கும் நில்லுங்க. உங்ககிட்ட ஒண்ணுமே கேக்காத ஒரு மூஞ்சி. ஒரே ஒரு படம். நாலரைக்குள்ள கொண்டாங்க, அதுக்கப்புறம் வெளிச்சம் கிடையாது."

"கொண்டாந்தா?"

"கொண்டாந்தா அக்கா எதுக்கு அனுப்பிச்சாங்கன்னு கேக்குறேன். இல்லன்னா ஸ்டாம்ப் சைஸ் எடுத்துட்டுக் கிளம்புங்க."

* * *

வெளியே வந்த குழந்தைவேலுவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மேகத்துக்குள் ஜோடியை உட்காரவைப்பவன் தனக்குப் பாடம் எடுக்கிறான்! ஒரே ஒரு படமாம். பத்துப் படம் எடுத்து அவன் முகத்தில் எறிகிறேன் என்று புறப்பட்டார்.

முதலில் வாழைப்பழக்காரர். கிட்டப் போனார். கேமராவைத் தூக்கினார்.

"அட, கவுண்டர் சார்! நல்ல நேரத்துல வந்தீங்க. பதினெட்டாந் தேதி சென்னைக்கு ரெண்டு பங்க்..."

அடுத்து ஆட்டோ ஸ்டாண்டு. பின்சீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தவரின் முகம் உண்மையிலேயே எதையும் கேட்காத முகம். குழந்தைவேலு மூச்சை அடக்கிக் குனிந்தார். படுத்திருந்தவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"சார்ஜி! விசாகப்பட்டினம் கப்பல் கப் ஆயேகா, எப்ப வரும்?"

கோயில் வாசலில் பூ கட்டும் பெண்மணி, பள்ளிக்கூடத்து வாத்தியார், ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருந்த கிழவர், எல்லோரும் அவரைப் பார்த்ததும் மலர்ந்தார்கள். மலர்ந்த வேகத்தில் கேட்டார்கள். இரண்டு மணிக்குள் எட்டுப் பேருக்குக் கப்பல் தேதி சொல்லியிருந்தார். ஒரு படம் இல்லை.

பாலகுமார் இதைத் தெரிந்தேதான் சொல்லியிருக்கிறான். இந்த ஊரில் தன்னிடம் எதையும் கேட்காத முகம் ஒன்றுகூடக் கிடையாது! ஒரே வழிதான். எல்லோரும் தனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேறு யாரிடமாவது கேட்டுக்கொண்டிருக்கிற இடத்துக்குப் போகவேண்டும்.

அப்படி ஒரு இடம் அவருக்குத் தெரியும். மகளிடம் 'பக்கா' என்று சொன்னது நினைவுக்கு வந்தது. வேலைக்கா போகிறோம், படம் எடுக்கத்தானே என்று சமாதானம் செய்துகொண்டு தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டார்.

* * *

டிக்கெட் ஹாலுக்குள் பொதுவாசல் வழியாக அவர் நுழைந்து எத்தனை வருடம் ஆயிற்று என்று தெரியவில்லை. அன்றைக்கு மெயின்லேண்ட் கப்பலுக்கு டிக்கெட் விடுகிற நாள். ஆண்கள் வரிசை படியைத் தாண்டி வளைந்திருந்தது. பெண்கள் வரிசை கொஞ்சம் சின்னது. கூட்டத்தின் வியர்வையில் ஹால் முழுக்க ஒரு புளித்த வாடை. கவுண்டருக்கு உள்ளே ஃபேன் காற்றில் இந்த வாடை வந்ததேயில்லை.

முதலில் ஓரமாக நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, கூட்டத்துக்கு மேலாகக் குத்துமதிப்பாக ஒரு க்ளிக். என்ன பதிந்தது என்று பார்ப்பதற்குள் பக்கத்தில் ஒரு குரல் வெடித்தது.

"ஏ பாயி! லைன் மே ஆவோ!"

ஐம்பது வயதுப் பெண்மணி. இடுப்பில் பிளாஸ்டிக் கூடை, தலையில் பெரிய கொண்டை. பெண்கள் வரிசை நகரவில்லை என்று ஆண்கள் வரிசைக்கு வந்து, ஆண்களை முழங்கையால் அளந்துகொண்டு நின்றாள்.

"நான் இங்க ஸ்டாஃப்மா."

"ஸ்டாஃப்னா உள்ளார போ. வெளிய நின்னா லைன்ல நில்லு. நானு மாயாபந்தர்லேந்து ராத்திரி பஸ்ஸு புடிச்சி, பாராடாங்ல படகேறி வந்து நிக்கிறேன். ரெங்கம்மா முன்னாடி எவனும் பூந்துற முடியாது, சமஜ் கயா?"

"போட்டோ எடுக்கத்தான்..."

"எடு. லைன்ல நின்னு எடு."

நியாயமாகத்தான் இருந்தது. டிக்கெட் வேண்டாம் என்று பின்னால் இருந்தவரைச் சமாதானப்படுத்திவிட்டு, குழந்தைவேலு ரெங்கம்மாவுக்குப் பின்னால் நின்றார். அரைமணி நேரத்தில் இடுப்பு பேச ஆரம்பித்தது. ஒரு மணி நேரத்தில் கத்தியது. ஸ்டூலை நினைத்து ஏங்கினார். வரிசை பத்து அடி நகர்ந்திருந்தது. உள்ளே உட்கார்ந்திருக்கும்போது இந்த வரிசை சரசரவென்று போகிறதென்றல்லவா அவர் இருபத்திரண்டு வருடமாக நினைத்திருந்தார்!

மூன்றரைக்கு ரெங்கம்மா ஜன்னலை அடைந்தாள். உள்ளே, குழந்தைவேலுவின் நாற்காலியில், ஜூனியர் முத்துவீரன். கண்ணாடியில் இருந்த ஓட்டை மேசை மட்டத்தில் இருந்தது. பேசவேண்டுமென்றால் முதுகை வளைத்து, தலையைக் கீழே கொண்டுபோகவேண்டும். ரெங்கம்மா வளைந்தாள். நெற்றியைக் கண்ணாடியில் முட்டுக்கொடுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் குழந்தைவேலு அதைப் பார்த்தார்.

கண்ணாடியில், ஓட்டைக்கு ஒரு சாண் மேலே, தேங்காய் அளவுக்கு ஒரு மங்கல். எண்ணெயும் வியர்வையும் விபூதியும் குங்குமமும் படிந்து படிந்து, துடைத்தாலும் போகாமல் கண்ணாடிக்குள்ளேயே இறங்கிவிட்ட கறை. உள்ளே உட்கார்ந்து அந்தக் கறையை அவர் தினமும் பார்த்திருக்கிறார். சுத்தம் செய்கிற ஆட்கள் சோம்பேறிகள் என்று மூன்று முறை எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறார். அது நெற்றிகள் என்று அவருக்குத் தெரியாது.

"பேட்டா, பதினெட்டாந் தேதி ஒரே ஒரு பங்க். பையன் ஆஸ்பத்திரில கெடக்கான் சென்னையில," என்றாள் ரெங்கம்மா ஓட்டைக்குள்.

முத்துவீரன் தலையைத் தூக்கவில்லை. ஏதோ எழுதிக்கொண்டே, "ஃபுல். கல் ஆவோ, நாளைக்கு வாங்க," என்றான்.

குரல்கூடத் தன் குரல்தான். பயல் அப்படியே கற்றுக்கொண்டிருக்கிறான்.

ரெங்கம்மா உடனே எழுந்துகொள்ளவில்லை. நெற்றி கண்ணாடியிலேயே இருந்தது. கண் மூடியிருந்தது. கேட்டு முடித்துவிட்ட முகம். அதில் இனிமேல் கேட்க எதுவும் இல்லை, யாரிடமும்.

குழந்தைவேலு பக்கவாட்டில் ஒரு அடி கிட்டப் போனார். ஒரே ஒரு க்ளிக்.

பிறகு அவரும் குனிந்தார். அவர் நெற்றியும் கண்ணாடியில் பட்டது. ஜில்லென்று, பிசுக்கென்று இருந்தது.

"முத்துவீரா. தலையத் தூக்கு."

முத்துவீரன் தூக்கினான். தூக்கியவன் பேயடித்தவன் போல எழுந்தே நின்றுவிட்டான்.

"சார்? நீங்க அந்தப் பக்கம் எப்படி..."

"உக்காரு. இந்தம்மாவப் பாத்துப் பேசு. எமர்ஜென்சிக்கு என்ன பேப்பர் வேணும், யார்கிட்டப் போகணும், சொல்லு."

சொன்னான். டிக்கெட் இன்னும் இல்லைதான். ஆனால் ஆஸ்பத்திரிக் காகிதத்தோடு எந்த அறைக்குப் போகவேண்டும் என்பது இருந்தது. ரெங்கம்மா கூடையைத் தூக்கிக்கொண்டாள். குழந்தைவேலு தயங்கித் தயங்கி கேமராவின் திரையை அவளுக்குக் காட்டினார்.

"உங்களக் கேக்காம எடுத்துட்டேன். வேணாம்னா அழிச்சிர்றேன்."

அவள் உற்றுப் பார்த்தாள்.

"என் மூக்கு இத்தாம் பெரிசா?" என்றாள். "வச்சுக்கோ. அந்தக் கண்ணாடிய மட்டும் தொடைக்கச் சொல்லு, ச்சீ."

* * *

நாலரைக்கு ஸ்டூடியோவில் கரண்ட் இல்லை. பாலகுமார் வாசலோரம் வெளிச்சத்தில் நாற்காலியைப் போட்டிருந்தான். அபர்டீன் பஜாருக்கு மேலே வானம் சிவந்துவிட்டிருந்தது. குழந்தைவேலு கேமராவை அப்படியே நீட்டினார். இந்த முறை உட்காரவில்லை.

பாலகுமார் பின்பக்கத்துச் சின்னத் திரையைப் பார்த்தான்.

"கை ஆடியிருக்கு," என்றான். "வலது பக்கம் ட்யூப்லைட் வெளுத்துப்போச்சு. படம் சாஞ்சிருக்கு. அந்தம்மா கொண்டைய பாதி வெட்டிட்டீங்க."

"ம்."

"இது என்ன அழுக்கு?"

"நெத்தி."

பாலகுமார் படத்தைப் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். திரை முழுக்க அந்த மங்கல் மட்டும் நின்றது. அதற்குப் பின்னால், தெளிவில்லாமல், நிமிராத ஒரு உச்சந்தலை.

"என் நெத்தியும் இதுல இருக்கும்," என்றான், அவரைப் பார்க்காமல். "அன்னிக்கு அரை நிமிசம் அப்படியே நின்னேன். நான் சலுகை கேக்கல சார். உங்களுக்குக் கெட்ட பேரு வரக்கூடாதுன்னுதான் வீட்டுக்கு வந்து கேக்காம வரிசையில வந்தேன். மூஞ்சியப் பாத்து 'இல்லடா பாலு'ன்னு சொல்லியிருந்தா போயிருப்பேன். சட்டமாம்."

குழந்தைவேலுவின் இடுப்பு விண்ணென்று தெறித்தது. இப்போதும் சட்டம் என்று சொல்லிவிடலாம். இரண்டு வருடமாகப் பழகிய வசனம்.

"சட்டமெல்லாம் இல்லடா," என்றார். "நான் உன்னப் பாக்கவே இல்ல."

"என்னது?"

"தலையத் தூக்கல. உன் குரலும் காதுல ஏறல. எல்லார்கிட்டயும் சொல்ற மாதிரி நாளைக்கு வாங்கன்னேன். சாயங்காலம் நீ வந்து கத்தினப்பதான் அது நீன்னு எனக்குத் தெரியும். உங்கக்கா முன்னாடி பாக்கலன்னு சொல்ல அசிங்கமா இருந்துச்சு. சட்டம்னுட்டேன்."

செருப்புக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கும் சத்தம் கேட்டது. பாலகுமார் நாற்காலியிலிருந்து எழுந்தான். முகம் சிவந்திருந்தது, வானத்தாலா, வேறெதனாலா என்று சொல்ல முடியவில்லை.

"ரெண்டு வருசம்!" என்றான். "ரெண்டு வருசமா உங்கள மனசார வெறுத்திருக்கேன். மைத்துனன்னும் பாக்காத கல்நெஞ்சுக்காரன்னு ஒரு மரியாதையோட வெறுத்தேன். இப்ப வந்து பாக்கவே இல்லங்கிறீங்க. நான் வெறுத்த ஆளே அங்க இல்லையாமே! எதுர்ல நிக்கிறவன் மூஞ்சி தெரியாத மனுசனுக்கு, புத்தி இருந்தா எவனாச்சும் கேமராவ விப்பானா மச்சான்?"

குழந்தைவேலுவுக்கு அந்தத் திட்டில் முக்கால்வாசி காதில் விழவில்லை. கடைசி வார்த்தை மட்டும் விழுந்தது. கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது. லென்ஸ் துணி சட்டைப்பையில் இருந்தது, நல்லதாகப் போயிற்று.

"இன்னும் திட்டு," என்றார்.

"திட்டாம? கொண்டையில்லாம ஒரு படம்!" பாலகுமார் ஸ்டூலை மேசைக்கு அடியிலிருந்து எடுத்து விரித்துப் போட்டான். "உக்காருங்க. இடுப்பு போயிரும். வேற என்னத்த எடுத்தீங்க இன்னிக்கு?"

அவன் பொத்தானை அழுத்தி முந்தைய படத்துக்குப் போனான். தலைக்கு மேல் தூக்கிக் குத்துமதிப்பாக எடுத்த ஹால் படம். கொண்டைகள், வழுக்கைகள், ஒரு ஃபேன் இறக்கை.

"இது என்ன குப்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டான்.

படத்தைப் பெரிதாக்கினான். பெண்கள் வரிசையின் முனை. கவுண்டரிலிருந்து திரும்பிய ஒரு முகம். கிளிப்பச்சைத் துப்பட்டா. அவள் கையில் சீட்டுக்கட்டைப் போல விரித்துப் பிடித்த கப்பல் டிக்கெட்டுகள். ஒன்றல்ல, இரண்டு.

"மச்சான்," என்றான் பாலகுமார் மெதுவாக. "ஸ்வப்னாவ நீங்கதான் டிக்கெட் எடுக்கச் சொன்னீங்களா?"

குழந்தைவேலு திரையை நோக்கிக் குனிந்தார். தன் கையாலேயே எடுத்த படம். அந்த ஹாலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றிருக்கிறார். *ஆபீஸ் பக்கம் போகமாட்டீங்கல்ல? பக்கா?*

அந்தக் கணத்தில் அவர் போன் அடித்தது. நீலாவதி. கை அசையவில்லை. பாலகுமார்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"ஏங்க, மணி அஞ்சாகப் போகுது. ப்ரெஸ்காரரு ரெண்டு வாட்டி கூப்பிட்டுட்டாரு. என்ன சொன்னான் அவன்?"

"நான்தான்க்கா பேசுறேன்."

மறுமுனையில் குக்கர் விசில் மட்டும் கேட்டது. ஒன்று. இரண்டு.

"பாலு?"

"என் பேரப் போடச் சொல்லுக்கா. இனிஷியலோட."

நீலாவதி அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று புரியவில்லை. "இரு, இரு, ஸ்வப்னாகிட்ட சொல்லணும்டா, துள்ளிக் குதிக்கும்," என்றாள். "ப்ளவுஸ் தைக்கக் குடுக்கப் போறேன்னு மத்தியானம் போனது இன்னும் காணோம். போனையும் எடுக்கல."

குழந்தைவேலு நிமிர்ந்து மைத்துனனின் முகத்தைப் பார்த்தார். அவனும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வந்துருவாக்கா," என்றான் பாலகுமார்.

வெளிச்சம் போய்விட்டிருந்தது. கேமராவின் திரை மட்டும் எரிந்தது. அதில் அவன் கட்டைவிரல், அந்தச் சின்ன முகத்தை முழுசாக மூடியபடி, அசையாமல் இருந்தது.